கடற்கொள்ளையர் படமும் காண்போர் கருத்தும்

முன்னுரை

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒவ்வொருவரும் ஒரு நீதிபதியே. "அருமையான படம்" என்று ஒருவர் தீர்ப்புக் கூறுவார். "மூன்று மணி நேரம் வீண்" என்று மற்றொருவர் கூறுவார். இருவரும் ஒரே அரங்கில், ஒரே வரிசையில் அமர்ந்து பார்த்தவர்களாகவும் இருக்கலாம். இவ்விருவருள் யார் சொல்வதை நாம் நம்புவது? எத்தனை பேர் நன்றென்று சொன்னால் ஒரு படம் நல்ல படமாகும்? 

அன்புத் தோழியரே, இவ்வினாக்களுக்கு விடை காண, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டு, தமக்குள் வாதிட்டுக்கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்: டெட் மேன்ஸ் செஸ்ட்' என்பதே அப்படம். 'கரீபியன் கடற்கொள்ளையர்: இறந்தவனின் பெட்டகம்' என்று இதனைத் தமிழில் கூறலாம். நம் வகுப்பில் பலர் இதனை வீட்டில் பெற்றோருடன் அமர்ந்து பார்த்திருக்கிறோம். பார்த்த மறுநாள் வகுப்பில் சண்டையும் போட்டிருக்கிறோம். 

படம் பிறந்த வரலாறு

இப்படத்திற்கு மூலம் ஒரு நாவலன்று. ஒரு படகுச் சவாரி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டிஸ்னிலாந்து பூங்காவில் 1967ஆம் ஆண்டு கடற்கொள்ளையர் சவாரி ஒன்று தொடங்கப்பட்டது. படகில் அமர்ந்து செல்வோரின் இருபுறமும் இயந்திரப் பொம்மைகள் கொள்ளையர்களாக ஆடிப்பாடும். அந்தச் சவாரியை அடிப்படையாகக் கொண்டு, கோர் வெர்பின்ஸ்கி என்பவர் இயக்கிய முதற்படம் 2003இல் வெளிவந்தது. 

அதற்கு முன் 1995இல் வெளிவந்த 'கட்த்ரோட் ஐலண்ட்' என்னும் கொள்ளையர் படம் பெரும் நட்டத்தை அடைந்திருந்தமையால், இத்தகைய படங்களை இனி எவரும் பாரார் என்ற எண்ணம் நிலவியது. அந்த எண்ணம் பொய்த்தது. கொள்ளையர் தலைவன் ஜாக் ஸ்பேரோவாக நடித்த ஜானி டெப்பின் தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் மக்களைக் கவர்ந்தன. அவர் பெயர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. படம் உலகெங்கும் சுமார் 65 கோடி டாலர் ஈட்டியது. 

இவ்வெற்றியைக் கண்ட தயாரிப்பாளர்கள் இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் அடுத்தடுத்துச் சேர்த்தே எடுக்கத் துணிந்தனர். இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இரண்டாம் பாகத்தைப் பற்றி எழுந்த குறைகளுள் முதன்மையானது இதிலிருந்தே பிறந்தது. 

கதைச் சுருக்கம்

வில் டர்னர், எலிசபெத் ஸ்வான் ஆகிய இருவரின் திருமண நாளன்றே கதை தொடங்குகிறது. வணிகக் கம்பெனியின் அதிகாரியான பெக்கெட் வந்து இருவரையும் கைது செய்கிறான். ஜாக்கைத் தூக்குமேடையிலிருந்து தப்புவித்தது அவர்கள் செய்த குற்றம். ஜாக்கிடம் உள்ள திசைகாட்டியைக் கொண்டுவந்தால் விடுதலை என்று வில்லை அனுப்புகிறான். 

ஜாக்கின் நிலையோ இன்னும் மோசம். கடலுக்கடியில் மூழ்கிக் கிடந்த 'பிளாக் பேர்ல்' என்னும் கப்பலை மீட்டுத் தந்து, அவனைப் பதின்மூன்று ஆண்டுகள் தலைவனாக இருக்கச் செய்தவன் டேவி ஜோன்ஸ். அதற்கு ஈடாக ஜாக் அவனது பேய்க்கப்பலில் நூறு ஆண்டுகள் ஊழியம் செய்ய வேண்டும். அந்தக் கடன் தீர்க்கும் நாள் வந்துவிட்டது. காதல் துயரம் தாங்காமல் டேவி ஜோன்ஸ் தன் இதயத்தையே அறுத்தெடுத்து ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறான். அப்பெட்டகத்தைக் கைப்பற்றுபவர் அவனையும் கடலையும் ஆளலாம். ஆகவே எல்லோரும் அதைத் தேடி ஓடுகின்றனர். 

இறுதியில் கிராக்கன் என்னும் மாபெரும் கடல் விலங்கு ஜாக்கையும் அவன் கப்பலையும் விழுங்கிவிடுகிறது. உலகின் எல்லை வரை சென்றேனும் அவனை மீட்போம் என்று மற்றவர்கள் கூறும்போது, முதற்பாகத்தில் இறந்துபோன பார்போசா மாடிப்படியில் இறங்கி வருகிறான். படம் முடிகிறது. 

மூன்று தராசுகள்

ஒரு படத்தைப் பற்றி மக்கள் என்ன நினைத்தனர் என்பதை அறிய மூன்று தராசுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எடை காட்டும். 

முதல் தராசு வசூல். இப்படம் வெளியான முதல் மூன்று நாட்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 13 கோடியே 56 இலட்சம் டாலர் ஈட்டியது. அதற்கு முன் 2002இல் 'ஸ்பைடர்மேன்' படம் நிறுவியிருந்த சாதனையை இது முறியடித்தது. உலகெங்கும் மொத்தம் 106 கோடி டாலருக்கு மேல் வந்தது. 'டைட்டானிக்', 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' ஆகிய இரண்டிற்கும் பிறகு நூறு கோடி டாலரைக் கடந்த மூன்றாவது படம் இதுவே. 

ஆனால் வசூல் என்பது கருத்தாகுமா? சற்றே எண்ணிப் பார்ப்போம். சீட்டை நாம் வாங்குவது படம் பார்ப்பதற்கு முன்பு. கருத்து உண்டாவது பார்த்த பின்பு. ஆகையால் முதல் மூன்று நாள் வசூல் இரண்டாம் பாகத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. முதற்பாகத்தின்மேல் மக்கள் கொண்டிருந்த அன்பின் அளவே ஆகும். மேலும், ஐந்து முறை பார்த்த இரசிகர் ஐந்து பேராக எண்ணப்படுவார். வெறுத்துப்போய் நடுவில் எழுந்து சென்றவரும் ஒருவராக எண்ணப்படுவார். அவர் வெறுப்பு கணக்கில் ஏறாது. அவர் காசு மட்டும் ஏறும். 

இரண்டாம் தராசு, பார்த்தவர்களிடமே கேட்பது. அமெரிக்காவில் 'சினிமாஸ்கோர்' என்னும் நிறுவனம், படம் வெளியாகும் முதல் நாள் இரவு அரங்கை விட்டு வருவோரிடம் அட்டை கொடுத்து மதிப்பீடு பெறுகிறது. முதற்பாகத்திற்கு 'ஏ' கிடைத்தது. இரண்டாம் பாகத்திற்கு 'ஏ மைனஸ்' கிடைத்தது. சிறு இறக்கமே. எனினும் முதல் நாள் இரவே முந்திக்கொண்டு செல்பவர்கள் யார்? ஏற்கெனவே ஆர்வம் மிக்கவர்கள். விருந்துக்குப் பசியோடு வந்தவர்களிடம் மட்டும் சமையல் எப்படி என்று கேட்பதைப் போன்றது இது. 

மூன்றாம் தராசு விமர்சகர்கள். அவர்களது எழுத்துகளைத் திரட்டிக் கணக்கிடும் 'ராட்டன் டொமேட்டோஸ்' அமைப்பின்படி, முதற்பாகத்தை நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் பாராட்டினர்; இரண்டாம் பாகத்தை ஏறத்தாழ 53 பேரே பாராட்டினர். இங்கே நாம் ஒரு பிழை செய்துவிடக் கூடாது. 53 என்பது தேர்வில் நாம் வாங்கும் மதிப்பெண் போன்றதன்று. நூறு விமர்சகருள் எத்தனை பேர் "பார்க்கலாம்" என்றனர் என்பதே அதன் பொருள். எல்லோரும் "சுமார்தான், ஆனாலும் பார்க்கலாம்" என்று சொன்னால்கூட அந்தக் கணக்கில் நூறு வந்துவிடும். 

ஆக, வசூல் என்னும் தராசு "மாபெரும் வெற்றி" என்கிறது. அட்டை "நன்று" என்கிறது. விமர்சகர் கூட்டம் நடுவே பிளந்து நிற்கிறது. மூன்றும் பொய் சொல்லவில்லை. மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. 

போற்றியதும் தூற்றியதும்

படத்தைப் போற்றியவர்கள் முதலில் காட்டியது டேவி ஜோன்ஸை. ஆக்டோபசின் கைகளே தாடியாக நெளியும் அந்த முகம் எவரையும் அச்சுறுத்தும். பில் நை என்னும் ஆங்கில நடிகர், அடையாளப் புள்ளிகள் இட்ட சாம்பல் நிற உடை அணிந்து மற்ற நடிகர்களோடு நேரிலேயே நடித்தார். அவரது அசைவுகளைப் பின்பற்றி, 'இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்' நிறுவனத்தார் அந்த உருவத்தைக் கணிப்பொறியால் வரைந்தனர். உருவம் கணிப்பொறியினுடையது; உள்ளிருக்கும் துயரம் நடிகருடையது. 2007இல் இப்படத்திற்குச் சிறந்த காட்சி விந்தைகளுக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. உருண்டோடும் நீராலைச் சக்கரத்தின்மேல் மூவர் வாட்போர் செய்யும் காட்சியும், ஹான்ஸ் ஸிம்மரின் இசையும் பாராட்டுப் பெற்றன. 

தூற்றியவர்கள் கூறிய முதற்குறை நீளம். படம் 151 நிமிடங்கள் ஓடுகிறது. திசைகாட்டி, சாவி, பெட்டகம், கடன், திருமணம் என்று நூல்கள் பல, முடிச்சுகளும் பல. "யார் எதற்காக ஓடுகிறார் என்பதே மறந்துவிடுகிறது" என்று நம் வகுப்பிலும் சிலர் குறைபட்டனர். இரண்டாம் குறை, கதை பாதியில் நிற்பது. மூன்றாம் பாகம் 2007 மே மாதத்தில் வெளிவரும் வரை காண்போர் காத்திருக்க வேண்டியிருந்தது. "முழுச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பாதி இலையில் எழுப்பிவிட்டார்கள்" என்பது அவர்கள் மனத்தாங்கல். இதற்கு மறுமொழியும் உண்டு. அடுத்த வாரம் தொடரும் கதைக்காக ஏழு நாள் காத்திருக்கும் வாசகர் அக்காத்திருத்தலையும் சேர்த்தே இரசிக்கிறார் அல்லவா? 

பெற்றோர் தரப்பின் குறை வேறு. அமெரிக்காவில் இப்படம் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு எச்சரிக்கை கூறும் சான்றிதழோடு வெளிவந்தது. அச்சமூட்டும் காட்சிகள் ஒருபுறமிருக்க, கொள்ளையனைத் தலைவனாக்கி நம்மைக் கைதட்ட வைப்பது முறையா என்பது அவர்கள் வினா. படத்தில் கம்பெனியே பேராசையின் வடிவம். ஆகவே கொள்ளையர் விடுதலை வீரராகத் தோன்றுகின்றனர். 1639இல் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றுப் பின் நாட்டையே ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியை வரலாற்றில் படித்த நமக்குக் கம்பெனியை வெறுப்பது எளிது. ஆயினும் உண்மைக் கடற்கொள்ளையர் பலர், தாம் பிடித்த கப்பல்களில் இருந்த அடிமைகளைச் சரக்காகவே விற்றனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. 

எலிசபெத் செய்தது சரியா?

நம் வகுப்பில் வாதம் சூடு பிடித்தது இங்கேதான். கிராக்கன் துரத்துவது ஜாக்கை மட்டுமே என்பதை எலிசபெத் உணர்கிறாள். அன்பு காட்டுவது போல நடித்து, அவனைப் பாய்மரத்தில் விலங்கிட்டுவிட்டு, மற்றவர்களோடு படகேறித் தப்புகிறாள். ஒருவனைப் பலியிட்டுப் பலரைக் காத்தவள் அவள் என்பது ஒரு சாராரின் கட்சி. "பெண்ணென்றால் மயங்கி விழுந்து காப்பாற்றப்படுபவள் என்ற பழைய வழக்கத்தை உடைத்து, தானே முடிவெடுக்கிறாள்" என்று அவர்கள் மெச்சினர். 

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "பலருக்காக ஒருவன் சாவது நல்லது என்று நற்செய்தியில் சொன்னது யார், தெரியுமா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. தலைமைக் குருவாகிய கயபா அல்லவா அப்படிச் சொன்னது! தானே முன்வந்து உயிர் தருவது தியாகம்; இன்னொருவனைக் கட்டிப்போட்டு அவன் உயிரைத் தருவது தியாகமாகுமா? அவ்வளவில் எல்லோரும் கருத்தை மாற்றிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவரை "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று மட்டும் பேசிய நாம் அதன்பின் "ஏன்?" என்று கேட்கத் தொடங்கினோம். காரணம் சொல்லத் தொடங்கியதும் கருத்து வளரத் தொடங்கியது. 

எண்ணப்படாத குரல்

மூன்று தராசுகளிலும் ஏறாத ஒரு கருத்து உண்டு. அதை அறிந்தபோது நமக்கு உண்மையிலேயே நாணம் உண்டாயிற்று. 

படத்தின் முற்பகுதியில் ஒரு தீவு வருகிறது. அங்குள்ள மக்கள் மனிதரைத் தின்பவர்கள். ஜாக்கைத் தெய்வமாக்கி, தீயில் வாட்டி உண்ண ஏற்பாடு செய்கின்றனர். அவன் கட்டையோடு துள்ளித் தப்பி ஓடுவதைக் கண்டு அரங்கம் அதிரச் சிரிக்கும். நாமும் வயிறு நோகச் சிரித்தோம். 

இப்படத்தின் பல காட்சிகள் 2005இல் டொமினிக்கா என்னும் சிறு தீவு நாட்டில் எடுக்கப்பட்டன. 1493ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, கொலம்பஸ் அத்தீவைக் கண்டதால் ஆண்டவரின் நாளைக் குறிக்கும் அப்பெயரை இட்டார். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் கலினாகோ இனத்தவர். ஐரோப்பியர் அவர்களைக் 'கரீப்' என்று அழைத்தனர். கரீபியன் கடலுக்குப் பெயர் வந்தது இவர்களால்தான். ஆங்கிலத்தில் மனிதரைத் தின்பவரைக் குறிக்கும் 'கேனிபல்' என்ற சொல்லும் இவர்கள் பெயரின் திரிபிலிருந்தே பிறந்தது. 

1492இல் கொலம்பஸ் தம் முதற்பயணத்தில் வேறு தீவினரிடம் காதால் கேட்டதே அக்கதை. கேட்டதை அவர் எழுதி வைத்தார். ஸ்பெயின் நாட்டு அரசி இசபெல்லா 1503இல், மனிதரைத் தின்பவரெனப்பட்ட இம்மக்கள் எதிர்த்து நின்றால் அவர்களைப் பிடித்து அடிமைகளாக்கலாம் என்று அனுமதி அளித்தார். கேள்விப்பட்ட ஒரு கருத்து, பத்தே ஆண்டுகளில் விலங்காக மாறி மனிதர் கைகளில் விழுந்தது. 

ஆகவேதான் படப்பிடிப்பு நடக்கவிருந்தபோது, கலினாகோ மக்களின் தலைவராயிருந்த சார்லஸ் வில்லியம்ஸ் இக்காட்சிகளை எதிர்த்துக் குரல் கொடுத்தார். தம் முன்னோர்மேல் சுமத்தப்பட்ட அந்தப் பழி மீண்டும் உலகெங்கும் காட்டப்படும் என்பது அவர் வருத்தம். அம்மக்களுள்ளும் எல்லோரும் ஒரே கருத்தினர் அல்லர். அவர்களுள் பலர் துணை நடிகராகப் பணியாற்றினர். படப்பிடிப்பு ஊருக்கு வேலையும் வருவாயும் தந்தது. படத்தில் வரும் இனம் கற்பனை என்று வாதிடுவோரும் உண்டு. இருப்பினும் கற்பனை இனத்தை வைத்துச் சிரிக்கும்போது உண்மையான ஓர் இனத்தின் காயம் அதனடியில் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருந்தோமா? இல்லை. 

டொமினிக்காவின் கிழக்குக் கரையில் 1903இல் இம்மக்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. கரீப் பகுதி என வழங்கிய அது 2015இல் கலினாகோ பகுதி என்று அவர்களது சொந்தப் பெயரைப் பெற்றது. 2023இல் சில்வானி பர்ட்டன் என்னும் கலினாகோ பெண்மணி அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணியும், முதல் கலினாகோ இனத்தவரும் அவரே. திரையில் நாம் கண்டு சிரித்த உருவத்திற்கும் இந்த உண்மைக்கும் எவ்வளவு தொலைவு! 

படம் பார்ப்போர் கேட்க வேண்டிய வினாக்கள்

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. படம் எடுப்பவர்களுக்கு மட்டுமன்றிப் பார்ப்பவர்களுக்கும் கடமை உண்டு என்றும், பொதுக்கருத்தை உருவாக்குவதில் ஒவ்வொருவரும் நீதியும் அன்பும் வழுவாது நடக்க வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. அக்கடமையை நாம் எவ்வாறு ஆற்றலாம்? ஒரு படத்தைப் பற்றிப் பேசுமுன் பின்வரும் வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்வோம். 

1. இது நம் கருத்தா, அல்லது கூட்டத்தின் கைதட்டலா? 

2. பிடித்தது என்றால் எந்தக் காட்சி, எதனால்? பிடிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் என்ன? 

3. யார் சொன்ன கருத்து இது? படம் பார்க்குமுன் சொன்னதா, பார்த்தபின் சொன்னதா? 

4. கதைத்தலைவன் செய்தான் என்பதற்காகத் தவறு சரியாகிவிட்டதா? 

5. நாம் யாரைக் கண்டு சிரித்தோம்? அவர் நம் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருந்தால் சிரித்திருப்போமா? 

முடிவுரை

இப்படத்தைப் பார்க்கவே கூடாது என்று கூற நாம் வரவில்லை. டேவி ஜோன்ஸின் துயரம் தோய்ந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க நமக்கும் ஆசைதான். சக்கரத்தின்மேல் நடக்கும் வாட்போரைப் பார்த்தால் இப்போதும் சிரிப்போம். தீவுக் காட்சி வரும்போது மட்டும் நாம் முன்போல் சிரிக்க மாட்டோம். 

பெட்டகத்தில் இதயத்தைப் பூட்டி வைத்தவனுக்கு நோவு தெரியாது. ஆனால் அன்பும் தெரியாது. படம் பார்க்கச் செல்லும்போது நம் இதயத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுச் செல்லாதிருப்போம். அரங்கில் இல்லாதவரின் குரலையும் கேட்கத் தெரிந்தவரே சிறந்த பார்வையாளர். அத்தகைய பார்வையாளராக விளங்க நாம் முயல்வோமாக!